முன் மூலையில் ஈரம்: டிராவல் டிரெய்லரில் கசிவைத் தேடுவதும் அடைப்பதும்

கேள்வியின் சாரம் இது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் வசிக்கும் நீங்கள், 2011-இல் தயாரான 23 அடி டிராவல் டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும், படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். மரச்சட்டத்தின் மேல் நெளிவுள்ள அலுமினியத் தகடு போர்த்திய வகை. கூரையில் வெள்ளை ரப்பர் விரிப்பு. மழை பெய்த மறுநாள் முன்புறப் படுக்கையின் வலது மூலையில் மெத்தை நனைந்திருக்கிறது. அந்த இடத்தில் சுவர்ப்பலகை கைவைத்தால் அமுங்குகிறது. கூரை விளிம்பில் இரண்டு முறை சிலிக்கோன் பூசியும் பயனில்லை. போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறீர்கள்: இரவில் யாரும் குழாயைத் திறக்காதபோதே தண்ணீர் பம்ப் ஓரிரு நொடி ஓடி நிற்கிறது, ஆனால் அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது என்று நினைக்கிறீர்கள்.

தொடர்பு இல்லாமல் இருக்கலாம்தான். ஆனாலும் அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். டிரெய்லருக்குள் தண்ணீர் வரும் வழிகள் மூன்று: வானத்திலிருந்து வரும் மழை, குழாய்களிலும் தொட்டிகளிலும் உள்ள நீர், மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் உருவாகிக் குளிர்ந்த சுவரில் படியும் ஆவி. மூன்றும் ஒரே மூலையில், ஒரே மாதிரியான கறையாகத் தெரியக்கூடும். எந்த நீர் என்பதைத் தீர்மானிக்காமல் சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) குழாயைக் கையில் எடுப்பவர்கள்தாம் இரண்டு முறை, மூன்று முறை பூசிவிட்டு அலுத்துப்போகிறார்கள். குழாய் நீரைச் சோதிக்க ஒரு காசும் செலவில்லை, ஒரு திருகாணியையும் கழற்ற வேண்டியதில்லை. எனவே அதை முதலில் முடித்துவிடுவோம்.

நன்னீர்த் தொட்டியைப் பாதியளவு நிரப்பிப் பம்பைப் போடுங்கள். எல்லாக் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, காற்று வெளியேறும் வரை ஓடவிட்டு மூடுங்கள். பம்ப் அழுத்தம் ஏற்றிவிட்டுத் தானாக நிற்கும். இனி அரை மணி நேரம் யாரும் எதையும் தொடக்கூடாது. அதற்குள் பம்ப் மீண்டும் உறுமினால், ஏற்றிய அழுத்தம் எங்கோ இறங்குகிறது என்று பொருள். அது கசிவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கழிப்பறைக் கோப்பையின் அடைப்பிதழ் வழியாக நீர் மெல்லக் கோப்பைக்குள் இறங்கலாம். வெளியே ஹோஸ் பொருத்தும் இடத்தில் உள்ள ஒருவழி வால்வு சொட்டலாம். பம்புக்குள்ளேயே இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்து நீர் தொட்டிக்கே திரும்பலாம். இந்தக் கடைசிக் காரணத்தைப் பிரித்தறிய, பம்பை அணைத்துவிட்டு, அழுத்தக் குறைப்பான் வழியாக வெளிநீர் ஹோஸை இணைத்துச் சில மணி நேரம் விடுங்கள். தொட்டியின் மட்டம் தானாக உயர்ந்தால் பழுது பம்பின் வால்வில்தான். அழுத்தக் குறைப்பானை மறக்க வேண்டாம். இந்த வண்டிகளின் குழாய்களுக்கு 40 முதல் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) போதும், சில முகாம்களில் குழாயடியின் அழுத்தம் 100-ஐத் தாண்டும், அதை நேராக உள்ளே விட்டால் பலவீனமான முதல் இணைப்பு தெறித்துவிடும்.

கோப்பையும் வால்வுகளும் சரியாக இருந்தும் அழுத்தம் இறங்கினால், டார்ச்சும் காகிதத் துண்டும் எடுத்துக்கொண்டு தரையோரம் தவழ வேண்டியதுதான். நீர் சூடாக்கியின் பின்புறம், பம்பின் முன்னால் உள்ள வடிகட்டிக் கிண்ணம், கழிப்பறையின் பின்பக்கம், ஷவர் குழாயின் பின்புறம், வெளிப்புற ஷவர் பெட்டி ஆகியவற்றில்தான் பெரும்பாலும் அகப்படும். குளிர்காலத்துக்கு முன் நீரை முழுவதும் வடிக்காமலோ, குழாயில் நீர் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு நிற ஆன்டிஃப்ரீஸ் திரவம் ஏற்றாமலோ முந்தைய உரிமையாளர் விட்டிருந்தால் வடிகட்டிக் கிண்ணத்திலும் கழிப்பறை வால்விலும் மயிரிழை விரிசல் இருக்கும். பிளாஸ்டிக் நட்டு போட்ட இணைப்புகள் சாலை அதிர்வில் தளர்ந்திருந்தால், கையால் இறுக்கிப் பிறகு இன்னும் கால் பங்குச் சுற்று போதும். பெரிய ஸ்பானரால் இறுக்குகிறவர் அன்றைக்கே நட்டைப் பிளந்துவிடுவார். கழிவுநீர்ப் பக்கம் பம்ப் சோதனையில் சிக்காது. பாத்திரத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு, அடியில் உள்ள வளைகுழாயின் இணைப்புகளை உலர்ந்த கையால் தொட்டுப் பாருங்கள்.

முன் மூலைப் படுக்கைக்கு அருகில் குழாய் ஏதும் ஓடவில்லை என்றால், உங்கள் பம்பின் இரவு முனகல் அநேகமாகத் தனிப் பழுதுதான். அப்படியானாலும் அதை விட்டுவைக்காதீர்கள். வண்டியின் வயிற்றுப்புறத்தை மூடியிருக்கும் நெளிவுப் பிளாஸ்டிக் தகடு நீரைப் பை போல் தாங்கிக்கொண்டு, தரைப்பலகையைக் கீழிருந்து மாதக்கணக்கில் ஊறவைக்கும். தகடு எங்கேனும் தொய்ந்து தொங்குகிறதா என்று குனிந்து பாருங்கள்.

ஆவி நீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கிலோ புரோப்பேன் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீர் ஆவியாக உண்டாகிறது; அடுப்பில் எரிவது அத்தனையும் அறைக்குள்ளேதான் தங்குகிறது. ஈரமான ஓரிகன் குளிரில், காற்றுப் புகாத மெத்தையின் அடியில் அது படிந்து பூஞ்சையாகும். ஆனால் அந்த ஈரம் மழையைப் பார்த்து வராது. குளிர்ந்த இரவுகளில் வரும், சன்னல் சட்டங்களிலும் மெத்தையடி முழுவதிலும் பரவலாகத் தெரியும். உங்களுடையது மழைக்கு மறுநாள், ஒரே மூலையில் வருகிறது. ஆகவே இது வெளியிலிருந்து வரும் நீர் என்று கொண்டே மேலே செல்லலாம்.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓடு உடைந்தது ஓரிடம், கட்டிலின் மேல் சொட்டுவது வேறிடம். இடையில் நீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு பயணம் செய்திருக்கும். டிரெய்லரின் கூரைக்குள்ளும் அதே கதைதான். ரப்பர் விரிப்புக்கும் உட்கூரைக்கும் நடுவே பலகை, மரச்சட்டம், கண்ணாடி இழைப் பஞ்சு, மின்கம்பி எல்லாம் இருக்கின்றன. நீர் இவற்றில் எதைப் பிடித்துக்கொண்டும் பல அடி தூரம் போகும். வண்டி எந்தப் பக்கம் சாய்த்து நிறுத்தப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வந்து சேரும். முன்பக்கம் தாழ்ந்து நிற்கும் வண்டியில் நடுக்கூரைக் காற்றோட்ட மூடியின் கசிவுகூட முன் மூலையில் வந்து நனைக்கக்கூடும். எனவே உங்கள் வண்டி மழையில் எப்படி நின்றது என்பதை முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள்.

பிறகு ஊசிமுனை கொண்ட ஈரமானி ஒன்றை வாங்குங்கள், மலிவானதே போதும். மெத்தையை எடுத்துவிட்டு, அந்த மூலையின் சுவரில் அரை அடிக்கு ஓர் இடமாகக் குத்தி, எண்ணைப் பென்சிலால் அங்கேயே எழுதுங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மரம் உலர்ந்தது. 20-ஐத் தாண்டினால் சந்தேகம்; தொடர்ந்து அதற்கு மேலேயே நின்றால் மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு அது சாப்பாடு. ஊசி இல்லாத, மேலே வைத்துப் பார்க்கும் மானியும் உண்டு. ஆனால் பின்னால் தகடோ ஸ்டேப்பிள் முனையோ இருந்தால் அது பொய் சொல்லும், உங்கள் வண்டியில் இரண்டும் ஏராளம். அரை மணி நேரத்தில் சுவரில் ஓர் ஈர வரைபடம் கிடைத்துவிடும். அதில் மிக உயரத்தில் உள்ள ஈரப்புள்ளியைத்தான் தேட வேண்டும். அதிகமாக நனைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. நீர் கீழே சேர்ந்து கனக்கிறது, நுழைவதோ அந்த மேற்புள்ளிக்கு அருகில் அல்லது அதற்கும் மேலே.

முன் வலது மூலையில் ஐயத்துக்கு உரியவை நான்கு. முதலாவது, முன்சுவரும் பக்கச்சுவரும் சேரும் செங்குத்து மூலையை மூடியிருக்கும் அலுமினியப் பட்டை. அதன் நடுவே திருகாணிகளை மறைக்கும் மெல்லிய வினைல் நாடா இருக்கும். அது வெயிலில் சுருங்கி, மேல் முனையில் ஓர் அங்குலம் இடைவெளி விட்டிருந்தால், திருகாணித் துளைகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு புனல். இரண்டாவது, முன்நெற்றியில் வரிசையாக உள்ள சிறு விளக்குகள். அவற்றின் கம்பி நுழையும் துளை நேரே சுவருக்குள் போகிறது. மூன்றாவது, கூரை விரிப்பு முன்சுவரின் மேல் மடிந்து இறங்கும் விளிம்பும் அதன் பட்டையும். நான்காவது, முன் சன்னல். நெடுஞ்சாலையில் மழைக்கு எதிராக இழுத்துச் செல்லும்போது காற்று நீரை அழுத்தி உள்ளே தள்ளும் முகப்பு இதுதான். ஆகையால் நின்ற நிலையில் ஒழுகாத இடம் ஓடும் நிலையில் ஒழுகுவதும் உண்டு. இருபது ஆண்டுகளில் நான் பார்த்த மரச்சட்ட வண்டிகளில் அந்த மூலைப் பட்டையும் விளக்குகளும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். நடுக்கூரையைச் சந்தேகிப்பதில் தவறில்லை, ஆனால் அது அவ்வளவு அடிக்கடி அகப்படுவதில்லை.

எது என்று உறுதிசெய்ய, மழைக்காகக் காத்திராமல் ஹோஸால் சோதிக்கலாம். முன்பாக வண்டி நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். மின்னிணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். ஒருவர் உள்ளே படுக்கையடியில் டார்ச்சுடன் இருக்க, மற்றவர் வெளியே பீய்ச்சுமுனை பொருத்தாத ஹோஸிலிருந்து நீரை மெல்ல வழியவிட வேண்டும். பீய்ச்சக் கூடாது, பிரஷர் வாஷரைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது, அது நல்ல இணைப்பையும் பிரித்துப் புதிய கசிவை உண்டாக்கும். இந்தச் சோதனையின் சூட்சுமம் முழுவதும் வரிசையில்தான் இருக்கிறது. கீழிருந்து மேலே போங்கள். முதலில் சன்னலின் கீழ் விளிம்பு, பிறகு சன்னலின் பக்கங்கள், பிறகு மூலைப் பட்டையின் கீழ்ப்பாதி, மேல்பாதி, விளக்குகள், கூரை விளிம்பு, கடைசியாகக் கூரை. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லாவற்றின் மேலும் வழிந்து ஓடும். உள்ளே சொட்டும்போது எது விட்டது என்று சொல்ல முடியாது. உட்பலகையில் ஏற்கெனவே அமுங்கும் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுச் சோதித்தால் இன்னும் தெளிவு. எப்படியும் அந்தப் பலகையை மாற்றத்தான் போகிறீர்கள்.

இதிலும் சிக்காவிட்டால் காற்றழுத்தச் சோதனை உண்டு. கூரைக் காற்றோட்டத் துளையில் ஊதுவிசிறி ஒன்றைப் பொருத்தி வண்டிக்குள் சற்றே அதிக அழுத்தம் உண்டாக்கிவிட்டு, வெளியே எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீரைத் தெளிப்பார்கள்; காற்று வெளியேறும் இடத்தில் குமிழி கட்டும். நீர் எங்கே நுழைகிறது என்பதை இவ்வளவு நேராகக் காட்டும் வேறு முறை இல்லை. பழுதுபார்க்கும் நிலையங்கள் இதற்கெனத் தனிக்கருவி வைத்திருக்கின்றன. ஹோஸ் சோதனை இருமுறை தோற்றால் அந்தக் கட்டணம் வீண் போகாது.

இனி அடைப்பது. உங்கள் சிலிக்கோன் ஏன் நிற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்த வண்டிகளில் நீரைத் தடுப்பது வெளியே தெரியும் சீலன்ட் கோடு அன்று. பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும் பியூட்டைல் டேப் என்னும் மெத்தென்ற ஒட்டுப்பசை நாடாதான் உண்மையான தடுப்பு. வெளிக்கோடு அதற்கு ஒரு காவல் மட்டுமே. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த டேப் எண்ணெய்ப்பசை வற்றி, உலர்ந்த சீடை மாவு போல் உதிரத் தொடங்கும். அதன் மேல் எவ்வளவு பூசினாலும், நீர் உள்ளே போக ஒரு வழி கண்டுபிடிக்கும், வெளியேறும் வழி மட்டும் அடைபட்டிருக்கும். சிலிக்கோனுக்கு இன்னொரு குணமும் உண்டு: அது ரப்பர் கூரையில் சரியாக ஒட்டாது, அதன் மிச்சத்தின் மேல் வேறு எதுவும் ஒட்டாது. எனவே முதல் வேலை, பூசிய சிலிக்கோன் முழுவதையும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பலமுறை துடைப்பது. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் அதைத் தாண்டிக் குறுக்கு வழி கிடையாது. ரப்பர் விரிப்பின் மேல் பெட்ரோலியக் கரைப்பான்களைப் பயன்படுத்த வேண்டாம், விரிப்பு உப்பிப்போகும்.

மூலைப் பட்டையைக் கழற்றும்போது வினைல் நாடாவை உருவி எறிந்துவிடலாம், புதியது மலிவு. திருகாணிகளை வரிசை மாறாமல் ஓர் அட்டையில் குத்தி வையுங்கள். பளபளவென்று வருபவை சாட்சி சொல்லாது. துருப்பிடித்து, தலை முறிந்து வருபவை எந்த உயரத்தில் இருந்தன என்பதே நீர் நுழைந்த இடத்தைச் சொல்லிவிடும். பட்டையிலும் தகட்டிலும் உள்ள பழைய பசையை முழுவதும் நீக்கிவிட்டு, ஓர் அங்குல அகலப் பியூட்டைல் டேப்பைப் பட்டையின் பின்புறம் நீளவாக்கில் ஒரே துண்டாக ஒட்டுங்கள். நெளிவுத் தகட்டில் பள்ளங்கள் இருப்பதால், அந்த இடங்களில் இரண்டாவது துண்டு வைத்து நிரப்ப வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளை நடுவிலிருந்து இருபுறமும் கையால் முறுக்குங்கள். டேப் மெல்லப் பிதுங்கும். ஒரு நாள் விட்டு மீண்டும் இறுக்குங்கள், பிதுங்கியதை வெட்டிவிடுங்கள், அதன் பிறகே வெளிக்கோடு. செங்குத்துப் பரப்புக்கு வழியாத வகைச் சீலன்ட் வேண்டும். பட்டையின் மேல் முனையிலும் பக்கங்களிலும் பூசுங்கள். கீழ் முனையைத் திறந்தே விடுங்கள். சன்னலுக்கும் இதே விதிதான்: சட்டத்தின் அடியில் உள்ள சிறு வடிகால் துளைகளைக் கசிவு என்று நினைத்து அடைத்துவிட்டு, பிறகு உட்புறம் நீர் தேங்குகிறது என்று புலம்புகிறவர்களை நான் அறிவேன்.

கூரையில் நிலை வேறு. அங்கே டைக்கோர் போன்ற, தானாகப் பரவிச் சமமாகும் லேப் சீலன்ட் என்னும் கூரைச் சீலன்ட்தான் வழக்கம். நன்றாகப் பிடித்திருக்கும் பழைய லேப் சீலன்டைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. விளிம்பு தூக்கியதையும் வெடித்ததையும் மட்டும் வெட்டிவிட்டு, துடைத்து, அதன் மேலேயே புதியதை ஊற்றலாம். ஊற்றும்போது ஒவ்வொரு திருகாணித் தலையும் முழுவதும் மூழ்க வேண்டும். உலர்ந்த, மிதமான வெப்பமுள்ள நாளைத் தேர்ந்தெடுங்கள். நேரான நீண்ட மூட்டுகளுக்கு எட்டர்னாபாண்ட் என்னும் வலுவாக ஒட்டும் டேப் மிக நல்லது, ஆனால் திரும்பக் கழற்ற வேண்டிவரும் எதன் மேலும் அதை ஒட்டாதீர்கள். ஒட்டியபின் அதைப் பிரிப்பது கூரையைப் பிரிப்பதற்குச் சமம். ஏறும்போது ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றைப் போட்டு, அதன் மேல் முழங்காலிட்டு வேலை செய்யுங்கள். ஏசிக்கு அடியில் ஈரம் கண்டால் அதன் வெளிவிளிம்பைப் பூசி அடைக்க வேண்டாம். அதிலிருந்து வடியும் நீர் கூரையில் ஓடிப்போவது இயல்பு. உள்ளே மூடியைக் கழற்றினால் தெரியும் நான்கு நீள போல்ட்டுகளைச் சமமாகச் சிறிது இறுக்கினாலே, அடியில் உள்ள நுரை வளையம் மீண்டும் அழுந்திப் பெரும்பாலும் நின்றுவிடும். மழைநீர்த் தூம்பின் முனைகளில் உள்ள சிறு மூக்குகள் உடைந்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். உடைந்த மூக்கு முழுக் கூரையின் நீரையும் அதே மூலைப் பட்டையின் மேல் இறக்கும்.

அமுங்கும் சுவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கேதான் அதிக நேரம் செலவாகும். உட்பலகையைப் பிரித்ததும், சட்டத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கும் மரம் செத்த மரம். அதில் எந்தத் திருகாணியும் நிற்காது, நீங்கள் போட்ட புதிய டேப்பும் அழுந்தாது. உறுதியான மரம் வரும் வரை வெட்டி, பக்கத்தில் புதிய சட்டம் வைத்து ஒட்டித் திருகுங்கள். எஞ்சிய மரத்தில் பூஞ்சையைத் தடுக்கும் போரேட் கரைசலைப் பூசி உலரவிடுங்கள். இந்த வேலையில் முகக்கவசம் அவசியம், நனைந்த பஞ்சைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. மெல்லிய கிடைமட்டச் சட்டங்களோடும் மூலைக் கம்பத்தோடும் அழுகல் நின்றிருந்தால் இது இரண்டு வார இறுதி வேலை. சுவரின் அடிச்சட்டமும் அது அமர்ந்திருக்கும் தரைப்பலகையின் விளிம்பும் போயிருந்தால், சுவரைத் தாங்கி நிறுத்திக்கொண்டு செய்ய வேண்டியிருக்கும். அனுபவமுள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். ஒன்றில் நீங்கள் அதிர்ஷ்டசாலி: தகட்டு வண்டியைப் பிரிக்கலாம், கோர்க்கலாம். கண்ணாடி இழைத் தகடும் நுரையும் பலகையும் ஒன்றாக ஒட்டிய சுவர் என்றால், நீர் புகுந்ததும் வெளித்தகடு பிரிந்து கொப்புளமாக எழும்பும். அதை வீட்டில் வைத்துச் செம்மையாகச் சரிசெய்தவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் உட்பலகையை உடனே அடைத்துவிடாதீர்கள். சுவரைத் திறந்தபடியே வைத்து, ஈரம் உறிஞ்சும் கருவியையும் ஒரு விசிறியையும் இரண்டு வாரம் ஓடவிடுங்கள். அதே ஹோஸ் சோதனையை அதே வரிசையில் மீண்டும் செய்யுங்கள். வண்டியை ஒரு நாள் நெடுஞ்சாலையில் இழுத்துச் சென்று வந்தபின், மூலைப் பட்டையின் திருகாணிகளைக் கையால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பிறகு மறைவான ஓர் அலமாரியின் உட்புறம் ஈரமானியின் எண்களைத் தேதியுடன் எழுதி வையுங்கள். பல உரிமையாளர் கையேடுகள் சீலன்டை 90 நாட்களுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கின்றன, அப்போது ஒப்பிட இந்த எண்கள் வேண்டும். புதிய சட்டத்தில் எண் 15-க்குக் கீழே வந்து, நல்ல மழை ஒன்று பெய்த பின்னும் அங்கேயே நின்றால் பலகையை அடிக்கலாம். அதுவரை மெத்தை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.